தெரு நடனப் படம்: இந்த ஐந்தில் எதை, யாருக்குப் போடுவது?

பதின்ம வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள், ஒரு டான்ஸ் படம் போட வேண்டும், எதைப் போடலாம்? நடன வகுப்பு நடத்துகிறவர்கள் கேட்கிறார்கள், பெற்றோர் கேட்கிறார்கள், ஹிப்-ஹாப் பழகத் தொடங்கியவர்களும் கேட்கிறார்கள். தேடிப் பார்த்தால் கண்ணில் படுபவை பெரும்பாலும் அமெரிக்காவில் 2001-க்கும் 2008-க்கும் இடையே வந்த படங்கள்தான். அவற்றில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ‘சேவ் த லாஸ்ட் டான்ஸ்’ (2001), ‘யூ காட் சர்வ்ட்’ (2004), ‘ரைஸ்’ (2005), ‘ஸ்டெப் அப்’ (2006), ‘ஸ்டெப் அப் 2: த ஸ்ட்ரீட்ஸ்’ (2008). ‘ரைஸ்’ மட்டும் ஆவணப்படம்.

கதைச் சுருக்கத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். ஏழைகள் வாழும் பகுதி, திறமையுள்ள ஒரு பிள்ளை, மனதில் ஒரு பழைய காயம், ஒரு போட்டி, கடைசியில் பெரிய ஆட்டம் என்று எல்லாம் ஒரே தடத்தில் போகும். ஆனால் பார்க்கிறவர்கள் ஒரே காரணத்துக்காக உட்காருவதில்லை. ஒருத்தி காதலுக்காகப் பார்க்கிறாள். ஒருவன் இரண்டு குழுக்கள் மோதும் பேட்டிலுக்காகப் பார்க்கிறான். இன்னொருவனுக்குக் கால் எங்கே போய் எங்கே வருகிறது என்பதுதான் முக்கியம். அதனால் திரைக்கு முன்னால் உட்காரப் போகிறவர்கள் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

உடல் முழுதாகத் தெரிகிறதா? இதுதான் எனக்கு முதல் அளவுகோல். ஹாலிவுட்டின் நடன நடிகர் பிரெட் அஸ்டைர் 1930-களிலேயே, ஆடுகிறவரைத் தலை முதல் கால் வரை சட்டகத்துக்குள் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். தெரு நடனத்துக்கு இது இன்னும் முக்கியம். பிரேக்கிங் ஆடுகிறவர் தரையில் கைகளை ஊன்றிக் கால்களை வீசிச் சுழன்று, சட்டென்று ஒரு கோணத்தில் உறைந்து நிற்பார். அந்தச் சுழற்சிக்கு நடுவில் கேமரா யாராவது ஒருவருடைய முகத்துக்குத் தாவிவிட்டால், எங்கிருந்து புறப்பட்டு எப்படி அந்த நிலைக்கு வந்தார் என்பது தொலைந்துபோகும். எளிய சோதனை ஒன்று உண்டு. ஒலியை அணைத்துவிட்டு ஒரு நடனக் காட்சியைப் பாருங்கள். அசைவு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று உங்களால் சொல்ல முடிந்தால், எடுத்தவர்களுக்கு நடனத்தின் மேல் மரியாதை இருக்கிறது என்று அர்த்தம்.

ஆடுவது யார்? நடிகரே ஆடுகிறாரா, டூப்பா? 1983-இல் வந்த ‘பிளாஷ்டான்ஸ்’ படத்தின் புகழ்பெற்ற ஆடிஷன் காட்சியில் நாயகிக்குப் பதிலாக மரின் ஜஹான் ஆடினார். முதுகைத் தரையில் வைத்துச் சுழலும் அசைவை ராக் ஸ்டெடி என்ற பிரேக்கிங் குழுவைச் சேர்ந்த கிரேஸி லெக்ஸ் செய்தார். பொதுப் பார்வையாளர் இதையெல்லாம் கவனிப்பதில்லை. நடனம் பழகும் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும்.

படத்துக்குள் இருக்கும் கூட்டம் என்ன செய்கிறது? தெரு நடனம் வட்டத்துக்குள் நடக்கும் கலை. சுற்றி நிற்பவர்களும் அதில் ஒரு பங்கு. எந்த அசைவு கடினம், எந்த அசைவு எதிராளிக்குக் கொடுத்த அடி என்பது புதிதாகப் பார்க்கிறவருக்குத் தெரியாது. படத்தில் இருக்கும் கூட்டம் வாயில் கை வைத்து “ஓ!” என்று பின்வாங்கும்போதுதான் புரியும். அப்புறம் நாமும் கத்துவோம். ஆனால் அளவு மீறிப் போனால் கூட்டத்தைக் காட்டியே நடனத்தை மறைத்துவிடுவார்கள்.

ஆட்டங்களுக்கு நடுவே உள்ள கதை தாங்குமா? பிறகு பேச வேண்டிய விஷயம் எவ்வளவு? இந்த ஐந்துமே அமெரிக்காவில் பி.ஜி.-13 சான்று பெற்றவை. பதின்மூன்று வயதுக்குக் கீழே இருப்பவர்கள் விஷயத்தில் பெற்றோர் கவனமாக இருக்கச் சொல்லும் முத்திரை அது. ஒரே முத்திரைதான் என்றாலும் உள்ளே இருப்பது வேறு வேறு. இவற்றில் துப்பாக்கிச் சாவு வரும் படங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு.

## ‘சேவ் த லாஸ்ட் டான்ஸ்’

சாரா பாலே என்ற மேற்கத்தியச் செவ்வியல் நடனம் ஆடுகிறவள். ஜூலியர்ட் கலைப் பள்ளி ஆடிஷனுக்கு வந்துகொண்டிருந்த அம்மா கார் விபத்தில் இறந்துவிட, நடனத்தையே விட்டுவிட்டு சிகாகோவின் தெற்குப் பகுதியில் இருக்கும் அப்பாவிடம் வந்து சேர்கிறாள். பள்ளியில் பெரும்பாலும் கறுப்பின மாணவர்கள். அங்கே படிக்கும் டெரெக் அவளுக்கு ஹிப்-ஹாப் கற்றுக்கொடுக்கிறான். ஜூலியா ஸ்டைல்ஸும் ஷான் பேட்ரிக் தாமஸும் நடித்தார்கள், தாமஸ் கார்ட்டர் இயக்கினார். 1.3 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுவதும் 13 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

நடனத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த ஐந்தில் பலவீனமானது இதுதான். கடினமான இடங்களில் டூப் இருக்கிறார். இறுதி ஆடிஷனில் சாரா ஆடும் ஹிப்-ஹாப் அசைவுகள் இறுக்கமாக இருக்கின்றன, இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பதும் உண்டு. நடன வகுப்புக்குப் போட்டால் சிரிப்புச் சத்தத்தில் படம் மூழ்கிவிடும். இது தெரிந்தே போடுங்கள்.

ஆனாலும் இதை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் மற்ற படங்கள் தொடாத ஒன்றை இது தொடுகிறது. கிளினிக்கில் காத்திருக்கும்போது டெரெக்கின் சகோதரி ஷெனில் (கெர்ரி வாஷிங்டன்) சாராவிடம் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிறாள்: எங்கள் பக்கத்தில் உருப்படியாக இருக்கும் கொஞ்சம் பையன்களில் ஒருவனையும் நீ வந்து எடுத்துக்கொண்டாயே என்கிற கோபம். ஷெனில் கையில் குழந்தையோடு தனியாக நிற்கும் இளம் தாய். அவள் சொல்வது நியாயமா இல்லையா என்று படம் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வந்த ஒருத்தி ஒரு சமூகத்தின் கலையைக் கற்றுக்கொண்டு அதை மேடைக்குக் கொண்டுபோய் இடம் வாங்குகிறாள் என்றால் அந்தச் சமூகத்துக்கு என்ன கிடைக்கிறது? அந்த ஒரு காட்சியை நிறுத்திவைத்து அரை மணி நேரம் பேசலாம்.

மறைவான செலவு, அதாவது இந்தப் படத்தைப் போட்டால் கூடவே வரும் சிக்கல்: வெள்ளைப் பெண்ணின் கனவு நிறைவேறக் கறுப்பினப் பையன் துணையாக வரும் அமைப்பு. டெரெக்கும் மருத்துவராகும் கனவோடு இருப்பவன்தான், ஆனால் படம் முடியும்போது மேடையில் நிற்பது அவள்தான். இதைக் கவனிக்காமல் கடந்துபோனால் படம் தவறான பாடத்தைச் சொல்லிவிடும்.

யாருக்கு: பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்துப் பேச நினைக்கும் பெற்றோருக்கு. கதையும் காதலும் வேண்டும் என்கிறவர்களுக்கு.

## ‘யூ காட் சர்வ்ட்’

விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்ட படம். 2004 ஜனவரி இறுதியில் வெளியாகி, அந்த வார இறுதியில் அமெரிக்க வசூலில் முதலிடம் பிடித்தது. சுமார் 80 லட்சம் டாலர் செலவில் எடுத்தார்கள், அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 4 கோடி டாலர் வசூலானது. இரண்டு தரப்பும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்களா என்று தோன்றும்.

ஆளுக்கொரு பகுதியைப் பார்த்தார்கள் என்றுதான் சொல்வேன். விமர்சகர்கள் எழுதியது ஆட்டங்களுக்கு நடுவில் உள்ளதைப் பற்றி. லாஸ் ஏஞ்சலஸில் டேவிட், எல்ஜின் என்ற இரு நண்பர்கள். போதைப்பொருள்காரனுக்குப் பொட்டலம் கொண்டுபோகும் வேலை. நண்பனின் தங்கையோடு காதல். பணக்காரப் பையன்களின் குழு இவர்களுடைய அசைவுகளையே திருடிக்கொண்டு வந்து மோதுவது. உரையாடல் மெலிந்தது. திருப்பங்கள் தூரத்திலிருந்தே தெரியும். ஒரு சிறுவனின் சாவு கண்ணீருக்காகவே வைக்கப்பட்டது போல இருக்கிறது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

இளைஞர்கள் பார்த்தது கிடங்குக்குள் நடக்கும் பேட்டில்களை. டேவ் ஸ்காட்டும் ஷேன் ஸ்பார்க்ஸும் நடனம் அமைத்தார்கள். ஒரு குழு ஆடி முடித்ததும் அடுத்த குழு அதற்குப் பதில் சொல்ல வேண்டும். எதிராளியின் அசைவை எடுத்து, அதை மிஞ்சிக் காட்டி, முகத்துக்கு நேராகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேள்வியும் பதிலுமாகப் போகும் இந்த வாதம்தான் பேட்டிலின் உயிர், ஐந்து படங்களில் அதை நன்றாகப் புரியவைப்பது இதுதான். பணக்காரக் குழு தங்கள் அசைவுகளை வரிசையாக ஆடிக் காட்டும்போது டேவிட், எல்ஜின் முகம் மாறுகிற இடத்தை நடனம் ஆடுகிறவர்களோடு சேர்ந்து பார்த்தால் அறையே கொதிக்கும். மாதக்கணக்கில் உழைத்து அமைத்த ஒன்றைப் பறிகொடுப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.

மறைவான செலவு, கூட்டத்தை அடிக்கடி காட்டும் வெட்டுகள். சில நல்ல அசைவுகள் அதில் பாதியில் அறுந்துபோகின்றன. பெண்களுக்குப் படத்தில் வேலை குறைவு என்பதும் உறுத்தும்.

யாருக்கு: ஏற்கெனவே ஆடுகிறவர்களுக்கு, குறிப்பாகக் குழுவாக ஆடுகிறவர்களுக்கு. நடனத்தில் ஆர்வமில்லாத ஒருவரை வற்புறுத்தி உட்காரவைக்காதீர்கள்.

## ‘ஸ்டெப் அப்’

பால்டிமோரில் ஒரு கலைப் பள்ளிக்குள் புகுந்து மேடையை உடைத்த டைலருக்கு அதே பள்ளியில் 200 மணி நேரச் சமூக சேவை தண்டனை. அங்கே நோராவுக்கு ஆடத் துணை இல்லாமல் போக, இவன் துணையாகிறான். சானிங் டேட்டமும் ஜென்னா டூவனும் நடித்தார்கள். நடன அமைப்பாளராக இருந்த ஆன் பிளெட்சர் இயக்குநரான முதல் படம்.

ஆடுகிறவர்கள் இவர்களேதான் என்பது இதன் பெரிய பலம். டூவன் நடிக்க வருவதற்கு முன் பாப் பாடகி ஜேனட் ஜாக்சனின் மேடையில் ஆடியவர். டேட்டம் முறையாகப் பயிலாதவர், அந்தக் கரடுமுரடு டைலரின் உடலில் அப்படியே பொருந்துகிறது. இருவரும் பழகும் காட்சிகளில் கேமரா தள்ளி நிற்கிறது. அவள் அளந்து வைக்கும் அடியும் அவன் தளர்ந்து விழும் தோளும் ஒரே சட்டகத்தில் தெரிகின்றன.

ஆனால் பேட்டிலை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். இது காதல் படம், நடனம் அதன் மொழி. கடைசிப் பகுதியில் ஒரு சிறுவன் சுட்டுக் கொல்லப்படுவது படத்தின் தொனியையே மாற்றிவிடுகிறது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

யாருக்கு: வயது வித்தியாசம் உள்ள கூட்டத்துக்கு, நடனம் பற்றி எதுவும் தெரியாதவருக்கு.

## ‘ஸ்டெப் அப் 2: த ஸ்ட்ரீட்ஸ்’

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஒரு கூட்டத்துக்குப் போட ஒரே படம் சொல்லுங்கள் என்றால் என் பதில் இதுதான்.

ஆண்டி, 410 என்ற தெருக் குழுவில் ஆடுகிறவள். கலைப் பள்ளியில் சேர்ந்ததால் குழு அவளைத் தள்ளிவைக்கிறது. பள்ளியில் எந்த அச்சிலும் பொருந்தாத பிள்ளைகளைச் சேர்த்து அவளும் சேஸும் புதிய குழு அமைக்கிறார்கள். கதை அவ்வளவுதான். இயக்கியவர் ஜான் எம். சூ. பிற்காலத்தில் ‘விக்கெட்’ (Wicked) என்ற ஹாலிவுட் இசைப் படம் வரை போனவருடைய முதல் பெரிய படம் இது. நடன அமைப்பில் ஜமால் சிம்ஸ், ஹை ஹாட் ஆகியோரோடு ‘யூ காட் சர்வ்ட்’டுக்கு அமைத்த அதே டேவ் ஸ்காட்டும் இருக்கிறார்.

வசூலிலிருந்து ஒரு விஷயம் புரிகிறது. அமெரிக்காவுக்குள் இது முதல் பாகத்தைவிடச் சற்றுக் குறைவாகவே ஈட்டியது. உலக அளவில் முதல் பாகம் 11 கோடி டாலருக்குச் சற்று மேல், இதுவோ சுமார் 15 கோடி. பேச்சைக் குறைத்து ஆட்டத்தைக் கூட்டினார்கள், மொழி தெரியாதவர்களும் வந்து பார்த்தார்கள்.

அந்த இறுதிக் காட்சிக்கு வருவோம். போட்டி நடக்கும் இடத்தில் 410 குழு இவர்களை ஒதுக்கப் பார்க்க, இவர்கள் வெளியே தெருவுக்கு இறங்கிவிடுகிறார்கள். கொட்டும் மழை. இருட்டில் வண்டிகளின் முகப்பு விளக்கு வெளிச்சம். மழை வெறும் அலங்காரத்துக்காக வைத்தது இல்லை. ஒரு கால் வீசும்போது தண்ணீர் வில் போல எழும்பி, கால் போன பாதையைக் காற்றில் வரைந்து காட்டுகிறது. கை ஓங்கித் தரையில் அடிக்கும்போது தெறிக்கும் தண்ணீர் தாளத்தைக் கண்ணுக்குத் தெரியவைக்கிறது. எல்லோரும் ஒரே நொடியில் திரும்பினால் தெறிப்பும் ஒரே நொடியில் எழும்புகிறது, ஒருவர் பிந்தினாலும் காட்டிக்கொடுத்துவிடும். நடனம் தெரியாத ஒருவருக்குக்கூட இந்தக் குழு ஒன்றாக ஆடுகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்க்கிறவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவதற்குக் காரணம் இதுதான் என்று நம்புகிறேன்.

அப்புறம் மூஸ். ஆடம் செவானி நடித்த அந்த ஒல்லிப் பையன், அடுத்தடுத்த பாகங்களிலும் வந்தான். நாயகனைவிட அவனை நினைவில் வைத்திருப்பவர்கள் அதிகம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் தங்களை அவனிடம்தான் பார்க்கிறார்கள். நடனக் குழுவில் சேரத் தயங்கும் ஒரு பிள்ளை உங்கள் கூட்டத்தில் இருந்தால், இந்தப் படத்தைப் போட அந்த ஒரு காரணம் போதும்.

மறைவான செலவு என்னவென்றால், பார்த்து முடித்த கையோடு பிள்ளைகள் ஆடிப்பார்க்க ஓடுவார்கள். ஈரத் தரையிலும் மேசை விளிம்பிலும் பல்டி அடிக்க முயல்வார்கள். படத்தில் ஆடுகிறவர்கள் பல வருடம் பயின்ற தொழில்முறை ஆட்டக்காரர்கள், ஒத்திகை பார்த்து எடுத்த காட்சிகள் அவை என்பதை முன்கூட்டியே சொல்லி, மெத்தை விரித்த இடம் ஒன்றைக் காட்டிவிடுங்கள். கதை மெலிந்தது என்று முகம் சுளிக்கும் பெரியவர் ஒருவர் கூடவே இருந்தால் அவருக்கு நேரம் போகாது.

## ‘ரைஸ்’

மற்ற நான்கும் கற்பனை. இது நடந்தது. 1992-இல் லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்துக்குப் பிறகு டாமி ஜான்சன் கோமாளி வேடம் போட்டுப் பிறந்தநாள் விழாக்களில் ஆடத் தொடங்கினார். தெற்கு மத்தியப் பகுதிப் பிள்ளைகள் அவரோடு சேர்ந்தார்கள். அதிலிருந்து பிரிந்து இன்னும் மூர்க்கமாக வளர்ந்ததுதான் கிரம்ப். மார்பு வெடிக்கிற மாதிரி முன்னே தள்ளும், கைகள் காற்றைக் கிழிக்கும், சுற்றி நிற்பவர்கள் ஆடுகிறவரை நெருக்கித் தள்ளி உசுப்பேற்றுவார்கள். இந்தப் படத்தின் எந்தப் பகுதியும் வேகம் கூட்டப்படவில்லை என்ற அறிவிப்போடுதான் படமே தொடங்குகிறது. பார்த்த பிறகுதான் அந்த அறிவிப்பு ஏன் தேவைப்பட்டது என்று விளங்கும்.

இயக்குநர் டேவிட் லாஷபெல் பெயர்பெற்ற புகைப்படக்காரர். அதன் நன்மையும் தீமையும் படத்தில் இருக்கின்றன. உடல்கள் சிற்பம் போலத் தெரிகின்றன. ஒரு கட்டத்தில் பழைய ஆப்பிரிக்கப் பழங்குடி நடனக் காட்சிகளையும் கிரம்பையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார். இது ரத்தத்திலேயே வருவது என்று சொல்லாமல் சொல்வது போல இருக்கிறது. ஒரு பிள்ளை தன் தெருவில், தன் கோபத்தில், தன் உழைப்பில் உருவாக்கிய கலையை அப்படிச் சுருக்கிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. மூத்த மாணவர்களோடு பார்த்தால் இதை எடுத்துப் பேசுங்கள்.

நிஜச் சாவு ஒன்றும் படத்தில் உண்டு: அந்தக் குழுவைச் சேர்ந்த பதின்ம வயதுப் பெண் சுட்டுக் கொல்லப்பட்டாள். கற்பனைப் படத்தில் வரும் சாவு போல இது கடந்துபோகாது.

யாருக்கு: நடனம் ஏன் ஆடுகிறோம் என்று கேட்கத் தொடங்கிவிட்ட மூத்த பிள்ளைகளுக்கு. கலகலப்பான மாலைக்கு இது பொருந்தாது.

## ஒரே பார்வையில்

| படம் | நடனம் தெரியும் விதம் | கதை | கவனிக்க வேண்டியது | பொருந்தும் கூட்டம் |
|---|---|---|---|---|
| சேவ் த லாஸ்ட் டான்ஸ் | சுமார், டூப் உண்டு | வலுவானது | இனம் பற்றிய பேச்சு | பெற்றோரும் பிள்ளையும் |
| யூ காட் சர்வ்ட் | பேட்டில் அபாரம், வெட்டுகள் அதிகம் | மெலிந்தது | சிறுவன் சாவு | ஆடும் குழுக்கள் |
| ஸ்டெப் அப் | தெளிவு, நடிகர்களே ஆடுகிறார்கள் | காதல் | துப்பாக்கிச் சாவு | கலந்த வயதினர் |
| ஸ்டெப் அப் 2 | தெளிவு, இறுதிக் காட்சி உச்சம் | சாதாரணம் | பார்த்துவிட்டுச் செய்துபார்க்கும் ஆபத்து | நண்பர் கூட்டம் |
| ரைஸ் | வேகம் கூட்டாத உண்மை | நிஜ வாழ்க்கை | நிஜச் சாவு | மூத்த மாணவர்கள் |

## முழுப் படமா, துண்டுக் காட்சியா?

இப்போது பலர் இந்தப் படங்களை முழுதாகப் பார்ப்பதே இல்லை. கடைசி ஆட்டத்தை மட்டும் இணையத்தில் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அசைவு கற்றுக்கொள்ள அது போதும். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், வேகம் குறைத்துப் பார்க்கலாம். ‘யூ காட் சர்வ்ட்’டை அப்படிப் பார்ப்பதில் பெரிய நஷ்டமும் இல்லை.

‘ஸ்டெப் அப் 2’வை அப்படிப் பார்த்தால் நஷ்டம். மழையில் ஆடும் அந்தப் பிள்ளைகளை யாரும் சேர்த்துக்கொள்ளாத இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து வந்தால்தான் அந்தக் காட்சி முழு விசையோடு வந்து அடிக்கும். ‘ரைஸ்’ஸைத் துண்டாகப் பார்த்தால் வெறும் ஆவேசமாக மட்டும் தெரியும். அந்தப் பிள்ளைகள் என்ன இழந்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு பார்த்தால் வேறு நடனம்.

## இரண்டு படத்துக்கு நேரமிருந்தால்

கற்பனைப் படம் ஒன்று, அடுத்த வாரம் ‘ரைஸ்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் வேண்டாம், ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். பிள்ளைகள் பதினான்கைத் தாண்டாதவர்கள் என்றால் ‘ரைஸ்’ஸை விட்டுவிட்டு இரண்டு ‘ஸ்டெப் அப்’ படங்களையும் வரிசையாகப் போடலாம். இரண்டாவது படத்தின் தொடக்கத்தில் டேட்டம் சற்று நேரம் வந்து ஆண்டியோடு போட்டி ஆட்டம் ஆடுவது முதலாவதைப் பார்த்தவர்களுக்குத்தான் இனிக்கும். ‘சேவ் த லாஸ்ட் டான்ஸ்’ஸையும் ‘ஸ்டெப் அப்’பையும் மட்டும் அடுத்தடுத்துப் போடாதீர்கள். பாலேவும் ஹிப்-ஹாப்பும் சேரும் அதே கதையை இரண்டு தடவை பார்த்தது போல இருக்கும்.